காப்புக் கட்டிய தெருவில் நான்கு உளுந்த வடைகள்

2025 மே 1, வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. பொன்செல்விக்கு வயது நாற்பத்தைந்து. அவர் வீட்டு ஏர் ஃப்ரையர் காட்டிய சூடு நூற்று அறுபது டிகிரி. உள்ளே நான்கு உளுந்த வடைகள் இருந்தன.

சங்கரன்கோவிலில் அவர் குடியிருக்கும் முப்பிடாதி அம்மன் கோவில் தெருவில் அன்றைக்குக் காப்புக் கட்டி மூன்றாவது நாள். காப்புக் கட்டிவிட்டால் அம்மன் கொடைத் திருவிழா முடியும்வரை தெருவில் எந்த வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறக் கூடாது. பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. கறி, மீன் கிடையாது. கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டில் சன்னல் திறக்கும். இந்த ஒரு வாரம் தெரு முழுக்கத் தாளிக்காத சாம்பாரும் அவித்த காயும் சாப்பிட்டுவிட்டு, ஆண்கள் சற்று மெலிந்த முகத்துடன் நடமாடுவார்கள்.

இதில் பொன்செல்விக்கு மற்றவர்களைவிடப் பொறுப்பு அதிகம். இந்த வருடம் அவர் வீடுதான் முளைப்பாரி வீடு. தெருவில் இருபத்துநான்கு வீடுகள். காப்புக் கட்டும் அன்று எல்லா வீட்டிலிருந்தும் ஒவ்வொரு சட்டி வரும். சாணமும் வைக்கோலும் போட்டு, மொச்சை, தட்டாம்பயறு, சோளம் எல்லாம் ஊறவைத்துத் தூவி, வெளிச்சம் படாத ஓர் அறையில் வைத்து வளர்க்க வேண்டும். அந்த அறையைத் தரும் வீட்டுப் பெண்தான் கொடையன்று முதல் பாரியைத் தலையில் ஏந்தி முன்னால் போவார். முறை வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டுக்குத் திரும்பி வர இருபத்துநான்கு வருடம் ஆகும்.

கடைசியாக இந்த வீட்டுக்கு முறை வந்தது 2001இல். பொன்செல்வி கரிவலம்வந்தநல்லூரிலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. எட்டு மாதக் கர்ப்பம். மாமியார் முதல் பாரியை ஏந்தினார். பொன்செல்வி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அடுத்த முறை வரும்போது அவருக்கு அறுபத்தொன்பது வயது ஆகியிருக்கும். இப்போதே வலது முட்டி மாடிப்படியை எதிர்க்கிறது. ஆகவே அவருடைய கணக்கில் இந்த வருடம்தான் உண்டு, இன்னொன்று கிடையாது.

முட்டி போனதற்குக் காரணம் நிற்பது. பதினேழு வருடமாகப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாலைக் கடை போட்டிருக்கிறார். வாழைக்காய் பஜ்ஜி, உளுந்த வடை, பருப்பு வடை, மிளகாய் பஜ்ஜி. புளியங்குடி பஸ்ஸும் திருவேங்கடம் பஸ்ஸும் ஒன்றாக வந்து நிற்கும் நேரத்தில் இரண்டு கையும் போதாது. எண்ணெயின் சத்தத்தை வைத்தே திருப்பிப் போட வேண்டுமா என்று சொல்வார். வியாபாரத்துக்கு அது நல்லது. வீட்டுக்கு வந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாது. "நாலு மணி நேரம் அதுக்கு முன்னாடி நிக்கேன். வீட்டுலயும் வந்து நிக்கணுமா?" என்பது அவர் கேள்வி. சீயக்காய் போட்டுத் தலைகுளித்தாலும் முடியில் வாழைக்காய் வாசம் போகாது. கொடை நாட்களில் பெண்கள் கும்மியடிக்க வட்டம் கூடினால், "எண்ணெய்க்காரி பின்னால நில்லுட்டி, அம்மனுக்குப் பசிச்சிரப் போவுது" என்று யாராவது சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டு பின்னால் போய் நிற்பார்.

ஏர் ஃப்ரையரைக் கொண்டுவந்தவர் மகள் அனு. கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறார். அப்பா இசக்கித்துரையின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுப் போன தீபாவளிக்கு அதை ஒரு பெட்டியில் போட்டுத் தூக்கிவந்தார். இசக்கித்துரை லோடு ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் பூ மூட்டை, பகலில் எலுமிச்சை மூட்டை. பெட்டியைப் பிரித்ததும் அவர் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏதும்மா இது, வெட் கிரைண்டரா?"

"எண்ணெய் இல்லாமப் பொரிக்கும்பா."

"எண்ணெய் இல்லாட்டா அதுக்குப் பேரு பொரிக்கதா? சுடுததுல்ல?"

அனு உருளைக்கிழங்கை நீளமாக நறுக்கிப் போட்டு எடுத்துக் கொடுத்தார். இசக்கித்துரை ஒன்றை மென்றுவிட்டு, "வெந்திருக்கு" என்றார்.

பொன்செல்வி மறுநாளே தன் தொழிலை வைத்து அதைச் சோதித்தார். வாழைக்காய்ச் சீவலை மாவில் முக்கி உள்ளே வைத்தார். மாவு கூடையின் ஓட்டை வழியாக ஒழுகிக் கீழ்த் தட்டில் உறைந்தது. மேலே வாழைக்காய் மட்டும் வெறுமனே கிடந்தது. அவர் அதைப் பார்த்து வருத்தப்படவில்லை. "இது மட்டும் பஜ்ஜி போட்டிருந்தா நான் கடையச் சாத்திருக்கணும்" என்றார். அடுத்து அப்பளம். அது காற்றில் எழும்பி மேலே கம்பியில் ஒட்டிக் கருகியது. இப்போது அப்பளத்தின் மேல் ஓர் எவர்சில்வர் கரண்டியை வைத்து அனுப்புகிறார். அது வளைந்து பொரிகிறது; ஆனால் பறப்பதில்லை.

ஆறு மாதத்தில் அந்த இயந்திரத்துக்கு வீட்டில் நிலையான வேலைகள் அமைந்துவிட்டன. காலையில் முந்தின நாள் பரோட்டா: தண்ணீர் தெளித்து மூன்று நிமிடம். மதியம் கத்திரிக்காய், சேனைக்கிழங்கு, வெண்டைக்காய்: ஒரு ஸ்பூன் எண்ணெயில் பிரட்டிக் கால் மணி நேரம். கருவாடு போட்டால் சன்னலைத் திறக்க வேண்டும். கிரைண்டரின் பிளக்கை உருவிவிட்டுத்தான் இதைச் சொருக முடியும். மாவரைக்கும் நாளில் இதற்கு விடுமுறை. எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது கடையில் மிஞ்சிய வடை. ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாள் கழித்துப் போட்டாலும் வெளிப்பக்கம் மொறுமொறு என்று திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் கீழ்த் தட்டில் கொஞ்சம் எண்ணெய் தேங்கியிருக்கும். "என் எண்ணெயை எனக்கே திருப்பித் தருது பாரு" என்று சொல்லிக்கொண்டே அதைத் துடைப்பார்.

கொடை வாரத்துக்காகக் கடையைத் திங்கட்கிழமை இரவே மூடினார். நான்கு வடை மிஞ்சின. ஃப்ரிட்ஜுக்குப் போயின. செவ்வாய் மாலை காப்புக் கட்டினார்கள்.

வியாழக்கிழமை மே தினம். இசக்கித்துரைக்கு லோடு இல்லை, வீட்டில் இருந்தார். மூன்றாவது நாளாகத் தாளிக்காத சாம்பார். சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார்.

"ஏளா, ஃப்ரிட்ஜுல வடை கெடக்குல்லா?"

"கெடக்கு. காப்பு முடியட்டும்."

"அது காப்புக்கு முன்னாடி போட்ட வடைதான?"

பொன்செல்வி யோசித்தார். பொரித்தது திங்கட்கிழமை. அப்போது காப்பு இல்லை. இப்போது செய்யப்போவது சுட வைப்பது. சட்டி இல்லை, அடுப்பு இல்லை, எண்ணெய் ஊற்றப்போவதில்லை. அவருக்குத் தெரிந்தவரை எந்த விதியும் இதில் மாட்டவில்லை. கிரைண்டர் பிளக்கை உருவினார்.

அவர் கணக்கில் சேர்க்காத ஒன்று வாசம். மூன்று நாளாக எண்ணெய் வாசமே இல்லாத தெருவில் நான்கு வடை சூடானால் என்ன ஆகும் என்பது பஸ் நிலையத்தில் கடை போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்தாவது நிமிடம் எதிர்வீட்டு வேல்விழி வாசலில் நின்றார். வேல்விழி வீட்டுக்கு அடுத்த வருடம் முறை. மகள் பூமாரிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஓசூர்ப் பக்கம். அடுத்த கொடைக்கு மகள் இங்கே இருப்பாளா என்பது தெரியாது. முறை ஒரு வருடம் முன்னால் வந்தால் நன்றாக இருக்கும் என்று வேல்விழி சித்திரை பிறந்ததிலிருந்து இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருந்தார்.

"மதினி, என்ன வாசம் வருது?"

"என்ன வாசம்?"

"உளுந்து வாசம்."

"உளுந்து இருந்தா உளுந்து வாசம் வரத்தான செய்யும்."

"பொரிச்ச உளுந்து மதினி. இங்கன முளைப்பாரி இருக்கு. தெருவு சட்டி பூராவும் இங்கனதான் இருக்கு. அண்ணன் என்ன சாப்பிடுதாவ?"

இசக்கித்துரையின் வாயில் அப்போது மூன்றாவது வடை இருந்தது. அதுவே பதிலாகப் போய்விட்டது.

மெஷினில் வடை பொரிக்கிறார்கள் என்று வேல்விழி கோவில் கமிட்டியிடம் போய்ச் சொன்னார். ஐந்து மணிக்குக் கோவில் முன்னால் வரச் சொல்லி ஆள் வந்தது. கமிட்டித் தலைவர் ராஜதுரை. தெரு முனையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் சுடலைமணி. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை ஏலம் எடுப்பவர். கொடையன்று அம்மன் அவர்மேல்தான் வரும். குத்தம் நடந்ததா இல்லையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நடந்திருந்தால் முறை எதிர்வீட்டுக்குப் போகும். சட்டிகளையும் எடுத்துப் போக வேண்டியிருக்கும். முளை விட்ட சட்டியை ஆட்டினால் முளை சாயும் என்பதால் அதைப் பற்றி யாருமே பேச விரும்பவில்லை.

"மொதல்ல அந்த மிசினக் கொண்டாங்க" என்றார் ராஜதுரை.

இசக்கித்துரை ஒரு துண்டில் சுற்றித் தோளில் வைத்துக் கொண்டுவந்தார். கோவில் திண்டில் வைத்தார்கள். வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். உள்ளே என்ன போடுவது என்று கேள்வி வந்தது. எதைப் போட்டாலும் அது புதுக் குத்தம் ஆகிவிடும் என்று சுடலைமணி சொன்னார். ஆகவே வெறுமனே ஓட்டுவது என்று முடிவாயிற்று. மைக்செட் போர்டில் ஒரு பிளக் காலியாக இருந்தது. சொருகினார்கள். உள்ளே விசிறி சுற்றியது. நான்கு பெரியவர்கள் குனிந்து கேட்டார்கள்.

"காத்துதான் வருது" என்றார் ஒருவர்.

"சூடாருக்கு வே" என்றார் இன்னொருவர், கையை இழுத்துக்கொண்டு.

அந்த நேரத்தில் ஃபியூஸ் போயிற்று. ஒலிபெருக்கியில் ஓடிய அம்மன் பாட்டு பாதியில் நின்றது. சீரியல் செட் முழுக்க அணைந்தது. கொடை வாரத்தில் பாட்டு நின்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். அதுவரை பத்துப் பேர் இருந்த விசாரணைக்கு நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் சிலரும் வந்து, என்ன என்று தெரியாமலே இடம் பிடித்து நின்றார்கள்.

ராஜதுரை குரலை உயர்த்தினார். "பொன்செல்வி, நேராக் கேக்கேன். சட்டி வச்சியா?"

"இல்ல அண்ணாச்சி."

"அடுப்பு பத்த வச்சியா?"

"இல்ல."

"எண்ணெய் ஊத்துனியா?"

"ஒரு சொட்டு ஊத்தல."

"அப்ப முடிஞ்சு போச்சு" என்று ராஜதுரை கூட்டத்தைப் பார்த்தார். "சட்டியுமில்ல, எண்ணெயுமில்ல. சுட வச்சிருக்கா. ஃபியூஸப் போடுங்கப்பா."

பொன்செல்வி நகரவில்லை. இசக்கித்துரை அவர் சேலை முந்தானையை லேசாக இழுத்தார். அவர் அதை விடுவித்துக்கொண்டார்.

"எண்ணெய் ஊத்தல அண்ணாச்சி. ஆனா எண்ணெய் வந்துச்சு."

"எங்கருந்து வந்துச்சு?"

அவர் இயந்திரத்தின் கூடையை வெளியே இழுத்தார். மேல் வலையைத் தூக்கினார். மதிய அவசரத்தில் துடைக்காமல் விட்ட கீழ்த் தட்டில் ஒரு ஸ்பூன் அளவுக்கு மஞ்சளாக எண்ணெய் தேங்கியிருந்தது.

"வடைக்குள்ள இருந்தது கழண்டிருக்கு. எப்பவும் வரும். சுட வைக்கும்போது ஞாபகமில்ல. இப்பத்தான் நெனப்பு வந்துச்சு."

"ஏம்மா, நாந்தான் முடிச்சுட்டேனே" என்றார் ராஜதுரை, கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

"நீங்க முடிச்சுட்டிய. ராத்திரி அந்த ரூமுக்குள்ள தண்ணி தெளிக்கப் போறது நானில்லா? இத மறைச்சுட்டு உள்ள போனா, நாளைக்கு ஒரு சட்டி அழுகிச்சுன்னா, எதுனால அழுகிச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

பின்னாலிருந்து யாரோ, "கேக்காமலே சொல்லிட்டாளே, கூறுகெட்டவ" என்றது எல்லோருக்கும் கேட்டது. வேல்விழி சொல்ல வேண்டியதைப் பொன்செல்வியே சொல்லிவிட்டார்.

சுடலைமணி தட்டில் விரலை வைத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். ஏலத்தில் எலுமிச்சையை உருட்டிப் பார்ப்பதுபோல் நேரம் எடுத்துக்கொண்டார்.

"கடலை எண்ணெய்" என்றார். "குத்தம்தான். எண்ணெய் காஞ்சிருக்கு. சட்டியில காஞ்சா என்ன, டப்பாவுல காஞ்சா என்ன. ஆனா கோவில் வாசல்ல நின்னு தானா ஒத்துக்கிட்டவ தெண்டம் கெட்டிட்டு முறையத் தொடரலாம். மறைச்சவளுக்குத்தான் முறை போவும். எங்க அப்பா காலத்துலருந்து அப்படித்தான். கோவில் விளக்குக்கு ஒரு டின் எண்ணெய். முதப் பாரி இவளே எடுக்கட்டும்."

ஒரு ஸ்பூன் எண்ணெய்க்கு ஒரு டின் எண்ணெய் என்பது சரியா என்று இசக்கித்துரை கேட்க வாயைத் திறந்தார். பொன்செல்வி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

கூட்டம் கலையத் தொடங்கியது. ராஜதுரைக்கு மட்டும் ஏதோ மனதில் ஓடியது. எலக்ட்ரிக்கல் கடைக்காரர் அல்லவா.

"வேல்விழி, ஒரு நிமிசம் நில்லு. வாசம் வந்துச்சு சரி. சட்டியில பொரிக்கான்னு நெனைக்காம, நேரா மிசின்னு எப்படிச் சொன்ன?"

"டிங் டிங்னு சத்தம் கேட்டுச்சு அண்ணாச்சி."

"மைக்ரோவேவும் டிங்னுதான சொல்லும்."

"அது ஒருக்கா இழுத்து அடிக்கும். இது அஞ்சு தடவ விட்டு விட்டு அடிக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் வேல்விழிக்குத் தான் என்ன சொன்னோம் என்பது தெரிந்தது. கலைந்துகொண்டிருந்த கூட்டம் நின்றது.

"அஞ்சு தடவ" என்றார் ராஜதுரை.

"தம்பி துபாய்லருந்து கொண்டாந்தான்" என்றார் வேல்விழி தரையைப் பார்த்து. "போன ரம்சானுக்கு அங்கன தள்ளுபடியில வாங்குனானாம்."

"காப்புக் கட்டுன பொறவு போட்டியா?"

வேல்விழி சுடலைமணியைப் பார்த்தார். மறைத்தால் என்ன ஆகும் என்பது சற்று முன்தான் ஊர்முன்னால் சொல்லப்பட்டிருந்தது. அடுத்த வருடம் அவர் முறை.

"நேத்து காலைல. பரோட்டா. திங்கக்கெழம வாங்குனது. தண்ணிதான் தெளிச்சேன்."

"பரோட்டாவுல எண்ணெய் இல்லியோ?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. சங்கரன்கோவிலில் இதற்குப் பதில் தேவைப்படவில்லை.

"இன்னொரு டின்" என்றார் சுடலைமணி.

பொன்செல்வி சிரிக்கவில்லை. வேல்விழியின் பக்கம் போய், "தண்ணி தெளிச்சு எத்தன நிமிசம் வச்ச?" என்று கேட்டார்.

"அஞ்சு."

"மூணு போதும்ட்டி. அஞ்சு வச்சா வரட்டியாப் போவும்."

வேறு யார் வீட்டிலாவது இந்த மெஷின் இருக்கிறதா என்று ராஜதுரை கேட்டார். ராஜதுரையின் மனைவி கோவில் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜதுரை மறுபடி கேட்கவில்லை. ஃபியூஸ் போட்டார்கள். பாட்டு விட்ட இடத்திலிருந்து வராமல் முதலிலிருந்து தொடங்கியது.

அன்று மாலையே பொன்செல்வி தலைகுளித்துவிட்டு முளைப்பாரி அறைக்குள் போனார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து பார்த்தார். முளை இன்னும் விரல் உயரம்கூட இல்லை. எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்பதைச் சொல்ல முடியாத உயரம். வெள்ளிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை காலையில் மொச்சை தலையைத் தூக்கியது. ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சட்டியும் வெளிர்மஞ்சளாக நிமிர்ந்து நின்றன. ஒன்று மட்டும் ஒரு பக்கம் கட்டையாக இருந்தது. அது யார் வீட்டுச் சட்டி என்று பார்த்தார். அவர் வீட்டுச் சட்டிதான். அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. கட்டையான பக்கத்தைத் தன் முகத்தை நோக்கித் திருப்பி வைத்துத் தூக்கலாம் என்று முடிவு செய்தார்.

மே 6, செவ்வாய்க்கிழமை கொடை. மேளம் முன்னால் போக, பொன்செல்வி முதல் பாரியைத் தலையில் ஏந்திக் கோவிலைச் சுற்றி, தெருவைக் கடந்து, ஊருக்கு வெளியே உள்ள கிணறுவரை நடந்தார். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் முட்டி பிடித்தது. நின்றால் பின்னால் வரும் எல்லோரும் நிற்க வேண்டும். நடையைக் கொஞ்சம் குறைத்தார். இரண்டாவதாக வேல்விழி வந்துகொண்டிருந்தார். கூடவே மகள் பூமாரி.

"மதினி, மெதுவாவே போங்க" என்றார் வேல்விழி. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அடுத்த வருசம்தான்."

"நீ முதல்ல டின்னக் கொண்டு போட்டியாட்டி?"

"நேத்தே போட்டாச்சு. நீங்க?"

"எனக்கு ஹோல்சேலு. முந்தாநாளே வந்துட்டு."

அனு கோயம்புத்தூரிலிருந்து விடுப்பு எடுத்து வந்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். படத்தில் பொன்செல்வி கேமராவைப் பார்க்கவில்லை. சட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராகப் பார்த்து நடக்கிறார். கட்டையான பக்கம் தெரியவில்லை. கிணற்றடியில் பாரியை இறக்கி வைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கும்மி முடிந்து எழுந்திருக்க இசக்கித்துரையும் பூமாரியும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது. கும்மிக்கு வட்டம் கூடியபோது, உட்கார்ந்தே இருந்ததால், அவர் நடுவில் இருந்தார்.

புதன்கிழமை மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். அன்று மாலை நான்கு மணிக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவருடைய சட்டி அடுப்பேறியது. முதல் பஜ்ஜியை இசக்கித்துரை வாங்கிக்கொண்டார். அனு பார்த்துக்கொண்டிருந்ததால் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

கமிட்டி கடைசிக் கூட்டத்தில் ஒரு விதி சேர்ந்திருக்கிறது. அடுத்த சித்திரையில் காப்புக் கட்டும் நாளன்று, தெருவில் உள்ள ஏர் ஃப்ரையர்கள் எல்லாவற்றையும் ராஜதுரையின் கடையில் ஒப்படைத்துவிட்டு, கொடை முடிந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்கெடுத்ததில் மூன்று இருக்கின்றன. மூன்றாவது ராஜதுரை வீட்டில் இருக்கிறது. அதையும் அவர் தன் கடையில் தன்னிடமே ஒப்படைக்க வேண்டும்.